அப்பா பேரில் இழுத்த பொடி

பட்டையில் ஒரே ஒரு கோடுதான் வந்திருந்தது. இரண்டு கோடு வந்தால் சுத்தம், ஒன்றோடு நின்றால் உடம்பில் புகையிலை ஓடுகிறது என்று மூத்திரத்தில் முக்குவதற்கு முன்பே சிஸ்டர் செங்கெத்தாய் சொல்லியிருந்தாள். முசேகிவா அதை ஜன்னல் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். இரண்டாவது கோடு வருகிற வழியாக இல்லை.

"இது கெட்டுப்போன பட்டை. வேற எடுங்க" என்றார்.

"இதுவே வேற எடுத்ததுதான், ஷும்பா. முதல் பட்டையையும் கெட்டுப்போச்சுன்னுதான் சொன்னீங்க."

"அப்ப டப்பாவே கெட்டுப்போச்சு."

ஷும்பா என்றால் சிங்கம். அது அவருடைய குலம். மரியாதை கொடுக்கிறவர்கள் குலத்தைச் சொல்லித்தான் கூப்பிடுவார்கள். அன்றைக்கு அந்த மரியாதைகூட அவர் காதில் கிண்டலாகவே விழுந்தது.

"சிகரெட்டைத் தொட்டு ஏழு மாசம் ஆச்சு. மே ஒண்ணாம் தேதி விட்டேன். இவளைக் கேளுங்க. ஊரையே கேளுங்க."

அவர் மனைவி எஸ்நாத் கதவோரப் பெஞ்சில் அவருடைய ஊன்றுகட்டைகளை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். "சிகரெட் பிடிக்கல, சிஸ்டர். அது சத்தியம்" என்றாள். சொல்லும்போது தரையைப் பார்த்தாள். கோபத்தில் இருந்தவருக்கு அது கண்ணில் படவில்லை.

தலைநகர் ஹராரேயிலிருந்து எலும்பு டாக்டர் மூன்று மாதத்துக்கு ஒருமுறை அந்த மிஷன் ஆஸ்பத்திரிக்கு வருவார், மூன்று நாள் இருப்பார், போய்விடுவார். ஜூனில் இடமில்லை, செப்டம்பரில் இடமில்லை. இந்த டிசம்பரில்தான் முசேகிவாவின் பெயர் பட்டியலில் மூன்றாவதாக ஏறியிருந்தது. நாளைக் காலையில் இடுப்பெலும்பில் கொஞ்சம் எடுத்து, முறிந்த காலில் வைத்துத் தகடு போட வேண்டும். ரத்தத்தில் புகையிலை இருந்தால் அந்த எலும்பு ஒட்டாது, ஒட்டாத காலில் கத்தி வைப்பது வீண் வேலை என்பது டாக்டரின் கட்சி. அதனால்தான் இந்தப் பட்டை.

முசேகிவாவுக்கு வயது ஐம்பத்திரண்டு. புஹேராப் பக்கத்தில் மாட்டுக் குளியல் தொட்டியில் இருபத்திரண்டு வருஷமாக வேலை. வாரத்தில் ஒரு நாள் சுற்றுவட்டார மாடெல்லாம் அங்கே வரும். ஒடுக்கமான வேலிச் சந்து வழியாக ஒன்றன்பின் ஒன்றாக விரட்டி, மருந்து கலந்த தொட்டியில் குதிக்க வைத்து, அந்தப் பக்கம் கரையேற்ற வேண்டும். உண்ணி சாகும், மாடு பிழைக்கும். குதிக்க மாட்டேன் என்று அடம்பிடிக்கிற மாட்டை எந்த இடத்தில் தட்டினால் குதிக்கும் என்பது அந்த மாவட்டத்திலேயே அவர் ஒருவருக்குத்தான் தெரியும். இது அவரே எல்லோரிடமும் சொல்லி ஊருக்குத் தெரிந்த விஷயம். போன வருஷம் செப்டம்பரில் குவென்சியின் செங்காளை தண்ணீரைப் பார்த்து மிரண்டு பின்னால் வந்தது. பின்னால் நின்றவரைக் கம்பத்தோடு சேர்த்து நசுக்கியது. முழங்காலுக்குக் கீழே எலும்பு இரண்டாகப் போயிற்று.

ஆறு மாதம் மாவுக்கட்டில் கிடந்தும் அது சேரவில்லை. கால்நடைத்துறையில் இருந்து ஒருவர் வந்து, அடுத்த வருஷ மழைக்காலத்துக்குள் சொந்தக் காலில் நின்றால் வேலை உண்டு, இல்லாவிட்டால் வேறு ஆள் போட்டுவிடுவோம் என்று பணிவாகவே சொல்லிவிட்டுப் போனார். அதுவரைக்கும் மரத்தடியில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, வந்த மாட்டுக்கெல்லாம் அட்டையில் டிக் அடிக்க வேண்டியது. சந்துக்குள் யாரோ மாட்டைத் தப்பான இடத்தில் தட்டுவதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க வேண்டியது. அந்த நாற்காலியைப் போல அவர் வேறு எதையும் வெறுத்ததில்லை.

மார்ச்சில் டாக்டர் எக்ஸ்ரேயைப் பார்த்தார். பிறகு முசேகிவாவின் சட்டைப் பையைப் பார்த்தார். பையில் சிகரெட் பாக்கெட் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது.

"ஒரு நாளைக்கு எத்தனை?"

"இருபது. தொட்டி நாள்னா முப்பது."

"அதை விட்டாத்தான் எலும்பு வளரும். விட்டுட்டு வாங்க, ஒட்டித் தர்றேன்."

பாக்கெட்டைப் பார்த்ததால் டாக்டர் 'அதை' என்றார். முசேகிவாவும் அதை மட்டுமே காதில் வாங்கிக்கொண்டார்.

ஒரு மாதம் சாக்குப்போக்கு சொல்லி ஓட்டிவிட்டு, மே ஒன்றாம் தேதி விட்டார். முதல் நாள் தலை கனத்தது. இரண்டாம் நாள் கை நடுங்கியது. மூன்றாம் நாள் காலையில் டீ சூடாக இருக்கிறது என்று கோப்பையை நாயின் மேல் எறிந்தார். எஸ்நாத் பக்கத்து வீட்டுக்குக் கடலை உரிக்கப் போய்விட்டாள். தனியாக விடப்பட்ட மனிதர் நொண்டிக்கொண்டு அடுக்களைக் குடிசைக்குள் போனார். உள்ளே பின்சுவரை ஒட்டி மண்ணால் கட்டிய தட்டில் பானைகள் இருக்கும். செத்துப்போன பெரியவர்களோடு பேசுகிற இடம் அதுதான்.

குந்தி உட்கார்ந்துதான் பேச வேண்டும். அவரால் முடியவில்லை. "அப்பா, காலை நீட்டித்தான் உட்கார்ந்திருக்கேன். தப்பா எடுத்துக்காதீங்க" என்று ஆரம்பித்தார். உள்ளங்கைகளைக் குவித்து மெதுவாகத் தட்டினார். அப்பாவை வெறுங்கையோடு கூப்பிடலாமா? பானைக்குப் பக்கத்தில் எப்போதும் கிடக்கிற சுரைக்குடுக்கையைத் திறந்து ஒரு சிட்டிகை மூக்குப்பொடியைத் தரையில் போட்டார். அவருடைய அப்பா செய்வாரே, அதே மாதிரி இன்னொரு சிட்டிகையைத் தன் மூக்கில் இழுத்தார்.

மூன்று நாளாக மண்டைக்குள் உட்கார்ந்து குடைந்துகொண்டிருந்தது எழுந்து போய்விட்டது. கை நடுக்கம் நின்றது. முசேகிவா அந்த மண் தட்டின் முன்னால் அழுதார். எஸ்நாத் திரும்பி வந்ததும் முதல் வார்த்தையாக, "அப்பா கேட்டுட்டார்" என்றார்.

ஜூனில் அப்பாவைக் காலையும் மாலையும் கூப்பிட்டார். ஆகஸ்டில் களி தின்னும் முன்பு, தின்ற பின்பு, தொட்டிக்குக் கிளம்பும்போது, கெட்ட சேதி வந்தால், நல்ல சேதி வந்தால், எந்தச் சேதியும் வராவிட்டால். ஒவ்வொரு தடவையும் அடுக்களைவரை நொண்ட வேண்டியிருக்கிறதே என்று குடுக்கையைச் சட்டைப் பைக்கு மாற்றிக்கொண்டார். முன்பு பாக்கெட் இருந்த அதே பை. தரையில் விழும் பொடி நாளுக்கு நாள் இளைத்தது. மூக்குக்குப் போவது பெருத்தது. பேச்சும் சுருங்கிப்போய், கடைசியில் "அப்பா" என்ற ஒரு சொல்லோடு நின்றது. அதற்கு மேல் மூச்சை இழுக்கிற வேலைதான்.

இந்த மனிதர் ஏமாற்றினார் என்று நான் சொல்லமாட்டேன். அவர் நம்பினார். அதுதான் வயிற்றெரிச்சல். ஏமாற்றுகிறவனைக் கையும் களவுமாகப் பிடிக்கலாம், நம்புகிறவனை என்ன செய்வது?

ஊரும் சேர்ந்து நம்பியது. முசேகிவாவைப் போல அப்பாவை நினைக்கிற பிள்ளை உண்டா என்று கூட்டத்தில் பேசினார்கள். அவர் காலை ஒடித்த காளைக்குச் சொந்தக்காரனான குவென்சியே, "இப்படி ஒரு மகன் எனக்கிருந்தா சாகறதுக்கு யோசிக்கவே மாட்டேன்" என்றான். முசேகிவா அவன் வாயில் புகைந்துகொண்டிருந்த சிகரெட்டைக் காட்டி, "மன உறுதி வேணும், குவென்சி. என்னைப் பாரு" என்று அரைமணி நேரம் புத்தி சொன்னார். குடுக்கை காலியாகக் காலியாக, புகையிலையைச் சாம்பலோடு இடித்து அரைத்து அனுப்பிக்கொண்டிருந்தவள் அவருடைய அத்தை கெரசென்சியா. செத்துப்போன தன் தம்பிக்கு இவ்வளவு கவனிப்பா என்று அவளுக்கும் ஒரே பெருமை.

இப்போது ஆஸ்பத்திரி அறையில் சிஸ்டர் செங்கெத்தாய் கேட்டாள்: "சிகரெட் இல்ல, சரி. வேற ஏதாவது? மெல்றது? பொடி?"

"பொடி வேற விஷயம்."

"போடுவீங்களா?"

"எனக்காகப் போடறதில்ல. அப்பாகிட்ட பேசறதுக்குப் போடறது."

"பொடிங்கறது புகையிலைதானே, ஷும்பா?"

"நீங்க சர்ச்சுக்காரங்க. எங்க முறையெல்லாம் உங்களுக்குப் புரியாது."

"எங்க வீட்லயும் அப்பா செத்துத்தான் இருக்கார்" என்றாள் சிஸ்டர். "பட்டைக்கு இந்த வித்தியாசமெல்லாம் தெரியாது. உள்ள போச்சா இல்லையா, அவ்வளவுதான் அதுக்கு."

"அப்ப அப்பாகிட்ட பேசறத நிறுத்தச் சொல்றீங்களா? டாக்டர் சொல்லட்டும். அவருக்கும் ஒரு அப்பா இருப்பார்ல?" அவர் குரல் வராந்தாவரை போயிற்று. வெளியே வரிசையில் நின்றவர்கள் பேச்சை நிறுத்திவிட்டுக் காது கொடுத்தார்கள். ஆதரவு கிடைக்கிறது என்ற தெம்பில் அவர் இன்னும் உரக்கச் சொன்னார்: "இது பழக்கம் இல்ல. இது கடமை."

"சியெட்சா அப்பா" என்று எஸ்நாத் கூப்பிட்டாள். சியெட்சா அவர்களுடைய ஒரே மகள், கட்டிக்கொடுத்த இடத்தில் இருக்கிறாள். "ஒண்ணு கேக்கறேன், கோச்சுக்காதீங்க. போன மாசம் யாருகிட்ட பேசினீங்க?"

போன மாதம் நவம்பர். நவம்பரில் பெரியவர்களை யாரும் கூப்பிடுவதில்லை. பூசைக்குச் சாராயம் காய்ச்ச மாட்டார்கள், பறை அடிக்க மாட்டார்கள், கல்யாணம்கூடப் பேச மாட்டார்கள். அந்த மாதம் அவர்கள் ஓய்வெடுக்கிற மாதம். நவம்பரில் போய் அப்பாவை எழுப்புகிறவனைச் சின்னப் பிள்ளைகூடக் கண்டிக்கும்.

"முப்பது நாளும் இழுத்தீங்களே" என்றாள் எஸ்நாத். "அப்பா தூங்கிட்டுல்ல இருந்தார்."

சிஸ்டர் சட்டென்று ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். அவள் தோள் குலுங்கியது. வராந்தாவில் யாரோ ஒரு கிழவர் அடக்க முடியாமல் சிரித்தார். இருபத்திரண்டு வருஷம் மாடுகளை ஓட்டியவர் சந்துக்குள் தானே மாட்டிக்கொண்டு நின்றார்.

டாக்டர் வந்து பட்டையைப் பார்த்தார். "எல்லாப் புகையிலையும்தான். மார்ச்சில வாங்க" என்று பட்டியலில் மூன்றாவது பெயரை அடித்தார்.

திரும்பும் பஸ்ஸில் பாதி தூரம் வந்ததும் அவர் எஸ்நாத்தின் மேல் பாய்ந்தார். "ஏழு மாசமாப் பாத்துட்டு இருந்தல்ல? முன்னாடியே சொன்னா என்ன? ஆஸ்பத்திரியில வச்சுத்தான் மானத்தை வாங்கணுமா?"

"செப்டம்பர்லயே சொன்னேன். பொம்பளைக்கு இதுல என்ன தெரியும்னீங்க."

சொன்னது நினைவுக்கு வந்தது. அதனால் கோபம் குறையவில்லை, கூடத்தான் செய்தது.

மறுநாள் அத்தை கெரசென்சியா நிறைத்த குடுக்கையோடு வந்தாள். நடந்ததைக் கேட்டதும் அவள் சிரிப்பாள் என்று எதிர்பார்த்தார். அவள் சிரிக்கவில்லை.

"இடிச்சு இடிச்சுத் தோள்பட்டை விட்டுப்போச்சு எனக்கு. எல்லாம் உன் மூக்குக்குத்தானா போச்சு?"

"முறைன்னு ஒண்ணு இருக்குல்ல அத்தை. போட்டுத்தானே கூப்பிடணும்?"

"தரையில போடணும்டா. அது அவன் பங்கு. உன் மூக்குல போட்டுக்கன்னு எவன் சொன்னான்?"

"அப்பா போட்டாரே."

"உன் அப்பன் பொடிக்காரன், போட்டான். பல்லு விளக்கறதுக்கு முன்னாடியே போடுவான். மாட்டுக்கு நடுவுல நின்னுட்டுப் போடுவான். வாங்கித் தரலைன்னா உன் அம்மாவை அடிக்கப் போவான். அதெல்லாம் சாமி கும்பிடறதா? உனக்கு அவன் மூக்கு மட்டும் நல்லா ஞாபகம் இருக்கு."

கொண்டுவந்த குடுக்கையை எடுத்துக்கொண்டு, டீ கூடக் குடிக்காமல் போய்விட்டாள்.

முசேகிவா உண்மையில் புகையிலையை விட்டது அன்றைக்குத்தான். மே மாதத்தில் விட்டதாக நினைத்ததெல்லாம் ஒரு கதவைச் சாத்திவிட்டு இன்னொன்றைத் திறந்துவைத்த கதை. பதினாறு வயதில் ஆரம்பித்தது. முப்பத்தாறு வருஷத்தில், மே மாதத்து முதல் மூன்று நாளைத் தவிர, இப்போதுதான் அவர் உடம்புக்கு ஒன்றும் கிடைக்கவில்லை. போதாக்குறைக்கு, அந்த மூன்று நாளையும் மே மாதத்திலேயே தாண்டியிருக்கலாம் என்ற எண்ணம் வேறு அரித்தது. ஜெயித்துவிட்டதாகப் பாட்டுப் பாடியவனுக்குத் திரும்ப முதலிலிருந்து ஓடச் சொன்னால் எப்படி இருக்கும்? ஆட்டைத் திட்டினார், கூரை ஒழுகுகிறது என்று மழையைத் திட்டினார். களியில் கட்டி, கீரையில் உப்பு, எஸ்நாத் நடக்கிற சத்தம், எல்லாமே குற்றம். கரும்புபோல் இனிக்கிற சோளத்தட்டையை நாள் முழுக்க மென்று துப்பி முற்றத்தைக் குப்பையாக்கினார். வயிறு கட்டிக்கொண்டது. தூக்கம் போயிற்று.

தொட்டி நாளில் குவென்சி மரத்தடிக்கு வந்து அவருடைய நாற்காலிக்குப் பக்கத்திலேயே நின்று பற்றவைப்பான். காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று பார்த்துத்தான் நிற்பான்.

"மன உறுதி எப்படி இருக்கு, ஷும்பா?"

"அந்தப் பக்கம் போய்ப் பிடி."

"அப்பா எந்திரிச்சுட்டாரா? டிசம்பர் வந்துருச்சே."

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். ஊன்றுகட்டையால் ஒன்று போடலாம்தான்; போட்டால் விழுவது இவர்தான். அட்டையில் இரண்டு மாட்டுக்கு டிக் அடிக்க மறந்தார்.

ஜனவரியில் ஒரு மத்தியானம், வீட்டில் யாரும் இல்லாதபோது, அந்தப் பழைய சட்டையின் பையை வெளிப்பக்கமாகப் புரட்டினார். தையலில் கொஞ்சம் பொடி ஒட்டிக்கொண்டிருந்தது. நூலும் அழுக்கும் கலந்த அதை நகத்தால் சுரண்டி இழுத்தார். நாலைந்து தும்மல் வந்தது, அவ்வளவுதான். அதற்குப் பிறகு பையைக் கையில் பிடித்தபடியே உட்கார்ந்திருந்தார். வெட்கமாக இருந்தது. எஸ்நாத் வந்ததும் அவரே சொன்னார். அவள் பிளேடை எடுத்து, வீட்டிலிருந்த அவருடைய சட்டைகள் அத்தனையிலும் பையை வெட்டியெடுத்தாள். பை இருந்த இடத்தில் நிறம் மங்காத சதுரம் தெரிந்தது. அதோடுதான் அவர் தொட்டிக்குப் போனார், ஊர்க் கூட்டத்துக்குப் போனார்.

அடுக்களைக்குள் மட்டும் போகவில்லை. அந்த மண் தட்டைப் பார்த்தாலே மூக்கு துடித்தது. அப்பாவோடு பேசி மூன்று மாதம் ஆயிற்று. பொடி இல்லாமல் என்ன பேசுவது என்றும் அவருக்குத் தெரியவில்லை.

மார்ச்சில் திரும்ப மூத்திரம் பிடித்துக் கொடுத்தார். சிஸ்டர் செங்கெத்தாய் முக்கினாள். முதல் கோடு வந்தது. இரண்டாவது கோடு பக்கத்தில் மெதுவாகத் தெளிந்து நின்றது.

"இன்னொரு பட்டையில பாருங்க" என்றார்.

"எதுக்கு? இதுதான் நல்லா வந்திருக்கே."

"பாருங்க சிஸ்டர்."

அதிலும் இரண்டு கோடு. முசேகிவா இரண்டு பட்டைகளையும் எஸ்நாத்திடம் காட்டினார். அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "நாளைக்கு நான் எத்தனாவது ஆளு?" என்று அவர் கேட்டார்.

சிஸ்டர் பட்டைகளை வாங்கித் தட்டில் வைத்தாள். "உங்களுக்குச் சேதி வரலையா? தெரிஞ்சுதான் சோதனைக்கு மட்டும் வந்தீங்கன்னு நெனச்சேன். ஆத்துப் பாலத்துக்கு மேல தண்ணி ஓடுது. டாக்டர் அந்தக் கரையில ரெண்டு நாள் காத்திருந்துட்டு, நேத்து ஹராரேக்கே திரும்பிட்டார். இனி ஜூன்தான், ஷும்பா. முதல் ஆளாப் போடறேன்."

ஜூனில் ஆபரேஷன் செய்தால் எலும்பு சேர ஆறு மாதம். அதற்குள் அடுத்த மழை இறங்கிவிடும். தொட்டியில் வேறு ஆள் நிற்பான். இந்தக் கணக்குப் போட அவருக்கு அட்டை தேவைப்படவில்லை.

வெளியே மரத்தடியில் போய்த் தரையில் உட்கார்ந்தார். ஆஸ்பத்திரி கேட்டுக்கு எதிரே ஒருத்தி ஆரஞ்சுப் பழமும் உதிரிச் சிகரெட்டும் விற்றுக்கொண்டிருந்தாள். பத்து எட்டு வைக்கிற தூரம். ஊன்றுகட்டையோடு பதினைந்து. ஜூன் வரைக்கும் இந்த உடம்பைச் சுத்தமாக வைத்து எதற்கு? யாருக்கு? இன்றைக்கு ஒன்று இழுத்தால் ஜூனுக்குள் எப்படியும் ரத்தத்தை விட்டுப் போய்விடும். அவர் அந்தக் கூடையையே பார்த்துக்கொண்டிருந்தார். எஸ்நாத் பக்கத்தில் வந்து நின்றாள்.

முசேகிவா காலை நீட்டினார். உள்ளங்கைகளைக் குவித்துத் தட்டினார். கைகள் காலியாக இருந்ததால் சத்தம் நன்றாகக் கேட்டது.

"அப்பா, முசேகிவா பேசறேன். கையில ஒண்ணும் இல்ல. தரையில போடவும் இல்ல, மூக்குல போடவும் இல்ல. உங்களைத் தினம் பத்து தடவ கூப்பிட்டேன், என்ன வேணும்னு ஒரு தடவகூட உருப்படியாச் சொல்லல. இப்பச் சொல்றேன். எனக்குப் பயமா இருக்கு. இந்தக் கால் சேராதோன்னு பயமா இருக்கு. தொட்டியில வேற ஆள் நின்னுட்டா நான் எதுக்குக் காலைல எந்திரிக்கணும்னு தெரியல. நீங்க அங்க என்னதான் பண்ணிட்டு இருக்கீங்க? ரெண்டே நாள் அந்தத் தண்ணியப் பிடிச்சு நிறுத்த முடியாதா? மழை கேட்டவனுக்கெல்லாம் குடுத்தீங்க, எனக்குன்னு வரும்போது பாலத்தை முக்கிட்டீங்க. தாத்தாகிட்டச் சொல்லுங்க. அவர் அவங்க அப்பாகிட்டச் சொல்லட்டும். யாரோ ஒருத்தர் காதுலயாவது விழட்டும்."

வழியில் போனவர்கள் பார்த்துக்கொண்டு போனார்கள். கல்யாணம் ஆகி முப்பது வருஷத்தில், பயமாக இருக்கிறது என்று அவர் சொல்லி எஸ்நாத் கேட்டதில்லை. அவள் மண்டியிட்டு, தன் கைகளையும் குவித்து அவரோடு சேர்ந்து மெதுவாகத் தட்டினாள்.

பிறகு "முடிஞ்சுதா?" என்று கேட்டாள்.

"முடிஞ்சுது. எல்லாம் சொல்லிட்டேன்." அவர் கண் கேட்டுப் பக்கம் போய்விட்டுத் திரும்பியது. "ஆனா ஆசை போகல, எஸ்நாத். அப்படியேதான் இருக்கு."

"தெரியும்" என்று ஊன்றுகட்டைகளை நீட்டினாள். "எந்திரிங்க, பஸ் வந்துரும்."